முதல் இலைக்கு ஏழு மணி நேரம்

அனந்தபத்மநாபன் வீட்டுக் கல்யாணங்களில் முதல் பந்தியின் முதல் இலை, மிகத் தொலைவிலிருந்து வந்தவருக்கு உரியது. அவருடைய முன்னோர் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்துக் கரமனையில் குடியேறிய காலத்தில் உறவினர்கள் மாட்டுவண்டியில் வந்துபோனார்கள். இருட்டுவதற்குள் அவர்கள் புறப்பட வேண்டியிருந்ததால் அவர்களை முதலில் சாப்பிட வைத்தார்கள். வண்டிகள் போய், பேருந்து வந்து, விமானமும் வந்துவிட்டது. இருட்டுவதைப் பற்றி இப்போது எவரும் கவலைப்படுவதில்லை. காரணம் இருந்த காலத்தைவிட, அது போன பிறகுதான் வழக்கம் கண்டிப்பாக நடந்துவருகிறது.

அந்தக் கண்டிப்புக்கு அனந்தபத்மநாபனே பொறுப்பு. அவர் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பதை அவர் ஏற்பதில்லை. வழக்கம் ஏற்பட்ட காலத்தில் கிலோமீட்டர் இல்லை. எத்தனை நாழிகைப் பயணம் என்பதுதான் கேள்வி. ஆகவே ஏறிய ஊரில் கடிகாரம் என்ன காட்டியது, இறங்கிய ஊரில் என்ன காட்டியது என்று கேட்பார். இரண்டுக்கும் நடுவே உள்ளது தொலைவு. வந்து இறங்கியவர் அன்றைக்கே இலையில் உட்கார வேண்டும் என்பதும் விதி. முந்திய நாளே வந்து ஓர் இரவு கரமனையில் தூங்கிவிட்டவர் கரமனைக்காரர் ஆகிவிடுவார். கரமனைக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி.

முதல் இலையில் அமர்பவர் சோற்றில் கை வைக்கும்வரை பந்தியில் வேறெவரும் கை வைப்பதில்லை. அவர் இலையை மடிக்கும்வரை எவரும் எழுந்திருப்பதுமில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக அந்த இடம் குற்றாலலிங்கத்தினுடையதாக இருந்தது. அனந்தபத்மநாபனுக்கு அத்தை மகனான அவர், தோஹாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கர். இரண்டு உரிமைகளில் முதலாவதை மட்டுமே அவர் பயன்படுத்தினார். ஆனால் முழுமையாகப் பயன்படுத்தினார். சோறு விழுந்து, பருப்பு விழுந்து, நெய்யும் விழுந்த பிறகு, வலது கையை இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிறுத்திக்கொண்டு ஆரம்பிப்பார்.

“ஏழு மணி நேரம், கேட்டியளா. மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல. ராத்திரி ஒன்றரைக்கு ஏறினா, இங்க வந்து இறங்கும்போ காலைல எட்டரை. வெளில மைனஸ் அம்பது டிகிரி. கைய நீட்டினா அப்புறம் அது கையில்ல.”

நீட்டப்பட்ட அந்தக் கை எப்போது இறங்கும் என்று நூறு பேர் பார்த்திருப்பார்கள். பருப்பின்மேல் நெய் உறையும். அந்த உரையை முடித்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். விடைபெறும்போது வாசலில் நின்று வேறொன்று சொல்வார்: “தோஹா என்ன தூரமா? பத்து மணிக்கு ஏறினா பன்னெண்டுக்கு அங்க. உச்சிச் சாப்பாடு அங்கதான்.” இலையில் சொன்னதையும் வாசலில் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க இதுவரை எவருக்கும் தோன்றியதில்லை. சாப்பிட்டு முடித்தவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

பத்மநாபசுவாமி கடலில் நீராடப் போகும் ஆறாட்டு ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்து கடற்கரைக்குப் போகும் நாளில் சில மணி நேரம் விமானங்கள் இறங்குவதில்லை. மகள் அஞ்சுவின் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது அனந்தபத்மநாபன் பஞ்சாங்கத்தோடு அதையும் பார்த்துக்கொண்டார். குற்றாலலிங்கம் வந்து இறங்க வேண்டுமே.

அனந்தபத்மநாபனின் தங்கை சொர்ணம்மாள், அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறார். கணவர் இறந்த பிறகு சாலைக் கடைவீதியில் அவருடைய பாத்திரக் கடையைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்திவருபவர். அண்ணன் வீட்டு விசேஷங்களுக்கு அவருடைய பயண நேரம், எதிரே ஸ்கூட்டர் வந்தால் இரண்டு நிமிடம், வராவிட்டால் ஒன்று. ஆகவே கடைசிப் பந்தி. அதுகூடப் பரவாயில்லை. திருவனந்தபுரத்துக் கல்யாணச் சாப்பாட்டில் பால்பாயசத்தை இலையில் விட்டு, அதில் போளியைப் பிசைந்து சாப்பிட வேண்டும். கடைசிப் பந்திக்குப் பாயசம் வந்துசேரும், போளி வந்துசேராது. முப்பது ஆண்டுகளில் சொர்ணம்மாள் தம் அண்ணன் வீட்டு இலையில் ஒரு முழுப் போளியைக் கண்டதில்லை. கடையில் போளி கிடைக்கும் என்பதை அவரிடம் எடுத்துச்சொன்னவர்கள் உண்டு. இரண்டாவது முறை சொன்னவர்கள் இல்லை.

அஞ்சு ஒரே மகள். இந்தக் கல்யாணத்தை விட்டால் அந்த வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். சொர்ணம்மாளுக்கு வயது அறுபத்தொன்று.

அவருடைய மகள் ஸ்ரீலட்சுமி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். நான்கு ஆண்டுகளாக அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முழங்கால், கடை, மழை என்று சொர்ணம்மாள் மறுத்துவந்தார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது திடீரென்று ஒப்புக்கொண்டார்.

“இந்த நேரத்துல எங்க போற நீ?” என்றார் அனந்தபத்மநாபன்.

“லட்சுமி கூப்பிடுகா, அண்ணா. நாலு வருஷமாக் கூப்பிடுகா.”

“கல்யாணம் கழிஞ்சு போகப்படாதா?”

“டிக்கெட் எடுத்தாச்சு. கல்யாணத்தன்னிக்குக் காலைல வந்திருவேன்.”

“தாலி கட்டுக்கு முன்ன வந்திருவியா?”

“பந்திக்கு முன்ன வந்திருவேன்.”

கேட்டதற்கும் சொன்னதற்கும் இடையில் ஒரு வேறுபாடு இருந்தது. நாற்பது ஆண்டு தணிக்கை செய்தவர் அதைக் கவனிக்கவில்லை.

சொர்ணம்மாளுடைய கணக்கு எளியது. போகும் டிக்கெட்டில், திருவனந்தபுரத்தில் காலை ஒன்பது நாற்பதுக்குப் புறப்பட்டு, சிங்கப்பூரில் மாலை நாலே முக்காலுக்கு இறங்குவதாக அச்சிட்டிருந்தது. விரல் விட்டு எண்ணினார். ஏழு மணி ஐந்து நிமிடம். தோஹாவைவிட ஐந்து நிமிடம் கூடுதல். போகிற வழிதானே வருகிற வழி. முதல் இலை அவருக்கு அப்போதே போடப்பட்டுவிட்டது. விமானத்தில் ஏறுவது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. ஆனாலும் அந்த முழுப் பயணத்தில் அவர் ஒரு முறைகூட அஞ்சவில்லை. எவ்வளவு நேரம் பறந்தாலும் தமக்கு நல்லது என்றே எண்ணியிருந்தார்.

திரும்பும் டிக்கெட்டை ஸ்ரீலட்சுமி மூன்றாம் வாரம்தான் காட்டினாள். சொர்ணம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். புறப்பாடு காலை ஏழு பத்து. வருகை காலை ஒன்பது ஐந்து.

“எட்டி, இதுல தப்பிருக்கு.”

“என்ன தப்பு?”

“வரும்போ ஏழு மணி நேரம் வந்தேன். போகும்போ ரெண்டு மணி நேரம்கூட இல்ல. ஊருக்குப் போறது இறக்கமா?”

ஸ்ரீலட்சுமி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “அம்மா, அது அந்தந்த ஊர் டைமாக்கும். சிங்கப்பூர் கடிகாரம் நம்ம கடிகாரத்தவிட ரெண்டரை மணி நேரம் முன்ன ஓடும். வரும்போ அந்த ரெண்டரை கூடித் தெரிஞ்சுது. போகும்போ குறைஞ்சு தெரியும். பறக்கது எப்பவும் நாலரை மணி நேரம்தான், அஞ்சு பத்து நிமிஷம் முன்னப் பின்ன.”

“அப்ப நான் ஒரு மணி அம்பத்தஞ்சு நிமிஷத்துக்காரியா?”

“எதுக்கு?”

சொர்ணம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம் என்றால் நாகர்கோவில் பேருந்துக்கும் கீழே. கடல் கடந்து வந்தும், நாகர்கோவிலிலிருந்து வரும் ஒன்றுவிட்ட தம்பி ஆறுமுகசாமிக்குப் பின்னால் உட்கார வேண்டியிருக்கும். அன்று அவர் இரவுச் சாப்பாட்டில் ஆர்வம் காட்டவில்லை. படுக்கப் போகுமுன் மட்டும் ஒன்று கேட்டார்.

“தோஹால கடிகாரம் எப்படி ஓடும்?”

ஸ்ரீலட்சுமி கைபேசியைப் பார்த்தாள். “நம்மள விட ரெண்டரை மணி நேரம் பின்ன. இங்கத்ததுக்கு நேர் எதிர். அங்க இருந்து வந்தா கூடித் தெரியும். போனா குறைஞ்சு தெரியும்.”

“பத்து மணிக்கு ஏறினா பன்னெண்டு,” என்றார் சொர்ணம்மாள்.

“என்னது?”

“ஒண்ணும் இல்ல. தூங்கு.”

இருபத்தாறு ஆண்டுகளின் ஏழு மணி நேரத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டரை மணி நேரம் காற்றில் வந்தது என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. பித்தளைக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்பவர் அவர். இதை இத்தனை நாள் தட்டிப் பார்க்காமல் விட்டது அவருக்கு வருத்தமாக இருந்தது.

கல்யாணத்தன்று விமானம் நேரத்துக்கு இறங்கியது. விடுப்புக் கிடைக்காததால் ஸ்ரீலட்சுமி வரவில்லை. சொர்ணம்மாள் ஒரு சிறிய பெட்டியோடு தனியாக வாயிலுக்கு வந்தார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வெளியே வரவேற்க வந்த கூட்டம், அதற்கப்பால் கார்கள். ஒவ்வொரு காரிலும் யாரோ ஒருவர் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு காரிலிருந்து பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் சொர்ணம்மாள் பார்த்தார். வருகை வாயிலில் பெட்டி இறங்குவது வழக்கமில்லை.

இறக்கியவன் குற்றாலலிங்கத்தின் மகன் ஹரிகுமார். பக்கத்தில் குற்றாலலிங்கம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், நெற்றியில் அன்று காலை இட்ட திருநீற்றோடு நின்றார். பெட்டியின் கைப்பிடியில் விமானத்தில் பெட்டிக்குக் கட்டும் பழைய அடையாளச் சீட்டு ஒன்றைக் கட்டி அது வெளியே தெரியும்படி திருப்பி வைத்துவிட்டு, ஹரிகுமார் அவசரமாகக் காரை எடுத்துக்கொண்டு போனான். குற்றாலலிங்கம் பெட்டியை இரண்டு விரலில் தூக்கிக்கொண்டு, வெளியே வரும் பயணிகளோடு பயணியாகக் கலந்தார்.

நடந்தது இதுதான். குற்றாலலிங்கம் இரண்டு மாதங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றுத் தோஹாவிலிருந்து நிரந்தரமாகத் திரும்பிவிட்டார். கழக்கூட்டத்தில் ஐ.டி. பூங்காவுக்கு எதிரே மகன் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒன்பதாம் மாடி வீட்டில் இருக்கிறார். அங்கிருந்து கரமனை அரைமணி நேரம். நெடுஞ்சாலையில் நெரிசல் இருந்தால் முக்கால் மணி நேரம். முக்கால் மணி நேரக்காரராகப் பந்தியில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு கல்யாணம், அதுவரை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சொர்ணம்மாள் இதையெல்லாம் அறியமாட்டார். இறங்கிய பெட்டியே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, தம் முகத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

“அத்தான், இப்பத்தான் இறங்கினியளா?”

குற்றாலலிங்கம் திரும்பிப் பார்த்தார். “சொர்ணமா? நீ எங்க இங்க?”

“சிங்கப்பூர்ல இருந்து வாறேன்.”

இதற்குள் கல்யாண வீட்டுக் கார் ஓட்டுநர் அஜீஷ் வந்துவிட்டான். தோஹாக்காரரை அழைத்துவர அனுப்பப்பட்டவன் அவன். பெட்டிகளை வாங்கியவன் குற்றாலலிங்கத்தின் பெட்டியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான்.

“பெட்டிக்கு ஒரு கனமும் இல்லல்லோ, சாரே.”

“எல்லாம் கார்கோல வருது. நீ வண்டிய எடு.”

காரில் சொர்ணம்மாள் பின் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈஞ்சக்கல் தாண்டியதும் ஆரம்பித்தார்.

“பிளேன்ல என்ன தந்தாவ, அத்தான்?”

“உப்புமா.”

“ராத்திரி ஒன்றரைக்கா?”

“விடிஞ்சப்புறம் தந்தாவ.”

“எனக்கு வெறும் தண்ணிதான். அது சின்ன கம்பெனி. உங்களுக்கு உக்காந்து உக்காந்து முதுகு வலிக்குமே?”

“ஏழு மணி நேரம்லா. பழகிப் போச்சு.”

“சட்டை மட்டும் ஒரு சுருக்கம் இல்லாம இருக்கு.”

குற்றாலலிங்கம் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். “நல்ல துணி.”

“அது தெரியுது. நெத்தில திருநீறும் அப்படியே இருக்கு. நல்ல திருநீறு.”

அஜீஷ் கண்ணாடியில் ஒரு முறை பின்னால் பார்த்தான். குற்றாலலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் அதுவரை எவரும் கவனிக்காத எதையோ கவனிக்கத் தொடங்கினார். கரமனைப் பாலம் வரும்வரை கவனித்துக்கொண்டே இருந்தார்.

மண்டபத்தில் தாலி கட்டு முடிந்தது. சொர்ணம்மாள் அஞ்சுவின் தலையில் அட்சதை தூவினார், கண்ணும் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு வந்தார்கள். அங்கே அனந்தபத்மநாபன் நின்றார். இந்தக் கேள்வியை வாசலில் நின்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பது அவர் வழக்கம்.

“குற்றாலம், எத்தனை?”

“ஏழு,” என்றார் குற்றாலலிங்கம். குரல் வழக்கத்தைவிடச் சற்றே தாழ்ந்திருந்தது.

“ஆறுமுகசாமி?”

“ரெண்டே கால், அண்ணாச்சி. பாறசாலைல பிளாக்கு.”

“சொர்ணம், நீயும் இன்னிக்குத்தான வந்து இறங்கின? சொல்லு பாப்போம்.”

“ஒரு மணி அம்பத்தஞ்சு நிமிஷம்,” என்றார் சொர்ணம்மாள்.

கூட்டம் சிரித்தது. “சிங்கப்பூர் அக்கா, நாகர்கோவிலுக்குப் பின்னால வந்து நில்லுங்க,” என்றார் ஆறுமுகசாமி. “நம்ம பஸ்ஸே தேவலைன்னு இப்பம் தெரியுதா?”

சொர்ணம்மாளும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்த பிறகு, சந்தேகம் கேட்பவரைப் போல, “அண்ணா, அத்தானுக்குத் தோஹா போகும்போ எத்தனை மணி நேரம்?” என்றார்.

“அதுவும் ஏழுதான இருக்கணும்,” என்றார் அனந்தபத்மநாபன்.

“வாசல்ல நின்னு எப்பவும் சொல்லுவாரே. பத்து மணிக்கு ஏறினா பன்னெண்டுக்கு அங்க. உச்சிச் சாப்பாடு அங்கதான்னு.”

அதைக் கேட்டிராதவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. அனந்தபத்மநாபன் மனத்துக்குள் எழுதிப் பார்த்தார். ஒரே வழி, போனால் இரண்டு, வந்தால் ஏழு. அவருடைய பணிக்காலத்தில் இப்படி ஒரு கணக்கு அவர் மேசைக்கு வந்திருந்தால் அதை அனுப்பியவருக்கு அன்று மாலையே விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கும்.

“குற்றாலம், இது எப்படி?”

“அது வந்து, காத்து,” என்றார் குற்றாலலிங்கம்.

“காத்து இல்ல, கடிகாரம்,” என்றார் சொர்ணம்மாள். மகள் சொன்னதைச் சொன்னார். அனந்தபத்மநாபன் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்தில் பேனாவால் கூட்டிக் கழித்தார். உள்ளே இலைகள் போட்டாகிவிட்டது. வெளியே நூறு பேர் பசியோடு நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை. தவறு இருபத்தாறு ஆண்டுகளாகத் தமது கண்காணிப்பில் நடந்தது என்பதே அவரை உறுத்தியது.

“ஏழுல ரெண்டரை போனா நாலரை,” என்றார் கடைசியில். “ஒண்ணே அம்பத்தஞ்சுல ரெண்டரை கூட்டினா நாலு இருபத்தஞ்சு. அப்பவும் குற்றாலம்தான் முதல். அஞ்சு நிமிஷம்.”

குற்றாலலிங்கத்தின் தோள்கள் நிமிர்ந்தன. ஆறுமுகசாமி அனுதாபத்தோடு சொர்ணம்மாளைப் பார்த்தார்.

“சரி, அண்ணா,” என்றார் சொர்ணம்மாள். “அஞ்சு நிமிஷம்னாலும் அஞ்சு நிமிஷம்தான். ஆனா வாய்க்கணக்குல விடாதிய.” கைப்பையைத் திறந்து விமானத்தில் ஏறும்போது கொடுத்த சீட்டை எடுத்து நீட்டினார். “இது எனக்குள்ளது. அத்தானுக்குள்ளதையும் வாங்கிப் பாத்திருங்க. ரெண்டு பக்கமும் பாத்தாத்தான ஆடிட்டு.”

“அது நியாயம்,” என்றார் அனந்தபத்மநாபன். கையை நீட்டினார்.

குற்றாலலிங்கம் சட்டைப் பையைத் தடவினார். அதில் பேனா இருந்தது. வேட்டி மடிப்பைத் தடவினார். மீண்டும் சட்டைப் பைக்கே வந்தார். பேனா இன்னும் இருந்தது. நெற்றியில் வியர்வை அரும்பி, காலையிலிருந்து கலையாத திருநீற்றை முதல் முறையாகக் கலைத்தது.

“எங்க வச்சேன்னு தெரியல்ல.”

“பெட்டில இருக்கும்,” என்றார் ஆறுமுகசாமி. “எடுத்துட்டு வரட்டா? இங்கதான ஆபீஸ் ரூம்ல இருக்கு.”

“வேண்டாம்,” என்று குற்றாலலிங்கமும், “வேண்டாம்,” என்று சொர்ணம்மாளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். குற்றாலலிங்கம் அவரை வியப்போடு பார்த்தார். சொர்ணம்மாள் ஓரடி நெருங்கி, முந்தானையைச் சரிசெய்யும் பாவனையில், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசினார்.

“ஹரிகுமார் பெட்டிய இறக்கினது பாத்தேன், அத்தான். பாவம், பிள்ளைக்கு ஒரு வாய் சாப்பாடுகூட இல்லாம அனுப்பிட்டிய.”

குற்றாலலிங்கம், கணக்கராக இருந்தவர் ஆதலால், இருப்பைக் கொண்டு செலவை முடிவு செய்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“அஞ்சு நிமிஷம் எல்லாம் ஒரு கணக்கா? சொர்ணம் பொம்பளப்பிள்ள. வாழ்க்கைல முதல் தடவை தனியா கடல் கடந்து வந்திருக்கா. இருபத்தாறு வருஷம் நான் உக்காந்தாச்சு. முதல் இலை இன்னிக்கு அவளுக்கு.”

கைதட்டல் எழுந்தது. “அதாக்கும் மனுஷன்,” என்று யாரோ சொன்னார்கள். பாராட்டு அவருக்கு எப்போதும் அளவுக்கு மீறி உற்சாகம் தருவது. “நான் அடுத்த பந்தில உக்காந்துக்கிடுதேன்,” என்று, எவரும் கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தார்.

அனந்தபத்மநாபனுக்கு விட்டுக்கொடுப்பது பற்றி விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை. விதி இல்லாத இடத்தில் அவர் தடுப்பதில்லை. தங்கையை அழைத்துப்போய்த் தாமே முதல் நாற்காலியில் உட்கார வைத்தார்.

சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. நெய் விழுந்தது. நூறு பேர், வழக்கப்படி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்கத் தயாரானார்கள். நெய் விட்டவர் அடுத்த இலைக்கு நகர்வதற்குள் சொர்ணம்மாள் சோற்றைப் பிசைந்து முதல் வாயை உண்டுவிட்டார். பந்தி ஒரு கணம் திகைத்தது. பிறகு இருபத்தாறு ஆண்டுகளில் முதல் முறையாக எல்லோரும் சூடான பருப்பைச் சாப்பிட்டார்கள். எதிர் வரிசையில் ஆறுமுகசாமி, “அக்கா மகராசியா இருக்கணும்,” என்று மெய்யான நன்றியோடு சொன்னார்.

சாம்பார் வந்தது. பால்பாயசம் வந்தது. போளி வந்தது; முழுப் போளி, மஞ்சள் நிறம், ஓரம் கிழியாதது. சொர்ணம்மாள் அதைச் சற்று நேரம் பார்த்தார். பாயசத்தில் போட்டு, விரல்களால் அமுக்கி, ஊறவிட்டு, அவசரமில்லாமல் உண்டார். பிறகு ரசம், மோர். எல்லோரும் முடித்துவிட்டார்கள். இரண்டாம் பந்திக்காரர்கள் அவரவர் இடத்தைப் பிடிப்பதற்காக நாற்காலிகளின் முதுகைப் பற்றிக்கொண்டு நின்றார்கள். முதல் நாற்காலியின் பின்னால் குற்றாலலிங்கம் நின்றார்.

இலையை மடிக்க வேண்டிய நேரத்தில் சொர்ணம்மாள் வலது கையை இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினார்.

“சிங்கப்பூர்ல காலைல ஏழு பத்துக்கு ஏறினேன், கேட்டியளா.”

பாதி எழுந்திருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். முதல் இலை மடியும்வரை எழக்கூடாது. அந்த இரண்டாவது உரிமை இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

அவர் ஒன்றையும் விடவில்லை. இடுப்புப் பட்டையைப் பூட்டத் தெரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது, தண்ணீருக்குக்கூடக் காசு வாங்கியது, மேகத்தை மேலிருந்து பார்த்தால் உளுந்து மாவு பொங்கினது போல இருப்பது, எல்லாம் வந்தன. எச்சில் கைகள் காய்ந்தன. “பிறகு நம்ம கடல் தெரிஞ்சுது. தென்னை தெரிஞ்சுது. பிளேன் இறங்கினாச்சு,” என்றார்.

கதை எந்தப் பக்கம் போகிறது என்பது குற்றாலலிங்கத்துக்குப் புலப்பட்டுவிட்டது. “தம்பி, அக்கா இலைல ஒரு போளி வை,” என்றார்.

மோருக்குப் பிறகு போளி வைப்பது முறையன்று, ஆனாலும் வைத்தார்கள். சொர்ணம்மாள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

“இறங்கி, பாஸ்போர்ட் பாக்குற இடத்துல ஒரு பையன். எங்க போய்ட்டு வாறிய அம்மான்னு கேட்டான். பந்திக்கு வாறேன்னு சொன்னேன். சீல் வச்சான்.”

“தம்பி, இன்னொரு போளி.”

அதையும் சாப்பிட்டார். “பெட்டி வந்துது. எடுத்துட்டு நடந்தேன். அங்க ஒரு கண்ணாடிக் கதவு, கேட்டியளா. நாம கிட்டப் போனா அதுவே தொறக்கும். தொறந்துது. வெளில பாத்தேன்—”

குற்றாலலிங்கம் பரிமாறுகிறவரின் கையிலிருந்த தட்டைத் தாமே வாங்கினார். அதில் ஒரே ஒரு போளி மிஞ்சியிருந்தது. முதல் பந்தி போக, அடுத்த பந்திக்கு என்று எஞ்சியதில் கடைசி. அதைத் தம் கையாலேயே எடுத்து, குனிந்து, முதல் இலையின் நடுவில் வைத்தார்.

சொர்ணம்மாள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். நூறு பேர் காத்திருக்க, அந்தப் போளியையும் பிட்டுப் பிட்டு, கடைசித் துணுக்குவரை சாப்பிட்டு முடித்தார்.

“வெளில நல்ல வெயிலு,” என்றார். இலையை மடித்தார்.

நாற்காலிகள் நகர்ந்தன. குற்றாலலிங்கம் முதல் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். புது இலை போட்டார்கள். சோறு வந்தது, பருப்பு வந்தது, நெய்யும் வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கை வைத்தார். கொஞ்ச நேரத்தில் பாயசம் வந்தது.